லிஃப்ட் போடாமலே பிக்கப்புக்குப் பெரிய டயர்: உரசாமல் மாட்டுவது எப்படி?

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடப் போகிறேன் என்று சொன்னால், "முதலில் சஸ்பென்ஷனை லிஃப்ட் பண்ணு" என்றுதான் பதில் வரும். ஒரு சைஸ் மட்டும் கூடுதலாகப் போக நினைப்பவருக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. லிஃப்ட் என்பது வண்டி சும்மா நிற்கும்போது பாடியைத் தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஒரு மேட்டில் மோதி ஸ்ப்ரிங் முழுக்க அமுங்கும்போது, பம்ப் ஸ்டாப்பை, அதாவது ஸ்ப்ரிங் அமுங்குவதை ஓர் எல்லையில் நிறுத்தும் ரப்பர் கட்டையை, மாற்றாத வரை, சக்கரம் ஏறி நிற்பது பழைய இடத்தில்தான். டயர் உரசுமா இல்லையா என்பது ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பி, ஸ்ப்ரிங்கும் முழுதாக அமுங்கும் அந்த ஒரு நொடியில்தான் தெரியும். கீழே சொல்வதெல்லாம் அந்த நொடிக்கான தயாரிப்பு.

1. முதலில் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 265/70 ஆர் 17 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம். 265-இல் 70 சதவீதம் 185.5. மேலும் கீழும் சேர்த்து 371. ரிம்மின் 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. மொத்த விட்டம் ஏறக்குறைய 803 மி.மீ.

இப்போது 285/70 ஆர் 17-க்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 831 மி.மீ. விட்டம் 28 மி.மீ. கூடுகிறது. ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 14 மி.மீ. மட்டும்தான். அகலம் 20 மி.மீ. கூடுகிறது, அதாவது உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10.

அதே ரிம்முக்கு 255/80 ஆர் 17 என்றொரு சைஸும் உண்டு. விட்டம் ஏறக்குறைய 840 மி.மீ., அகலமோ பழைய டயரைவிட 10 மி.மீ. குறைவு. உயரமும் ஒல்லியுமான டயர். லிஃப்ட் இல்லாத வண்டிக்கு இப்படிப்பட்ட டயர்தான் என் முதல் தேர்வு. ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முதலில் போய் இடிப்பது டயரின் தோள் பகுதி. தோள் குறுகினால் இடிப்பதும் குறையும். ஆனால் இதன் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்பதைத் தனியாக அளந்து பார்த்தாக வேண்டும்.

லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். கம்பெனி கொடுத்த டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது.

2. ரிம்மை மாற்றாதீர்கள்

பெரிய டயரோடு வெளியே துருத்தும் ரிம்மையும் சேர்த்து வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம். இதைக் குறைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அப்போது ஒடிக்கும்போது டயர் போடும் வட்டமும் பெரிதாகி, முன்னால் பம்பர் முனை, பின்னால் ஃபெண்டரின் அடி என்று இரண்டு பக்கமும் இடிக்கும். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டாலும் இதே கதைதான். கம்பெனி ரிம்மே இருக்கட்டும். புது டயருக்கு அந்த ரிம்மின் அகலம் பொருந்துமா என்று மட்டும் டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஒரே ஒரு டயரை மாட்டிப் பார்த்தல்

நான்கையும் ஒரே நேரத்தில் மாட்ட வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது.

முன்பக்கம் ஒரு டயரை மாட்டி, இறக்கி, ஸ்டீயரிங்கை இடது கோடி முதல் வலது கோடி வரை மெதுவாக ஒடியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: பம்பரின் கீழ் முனை, வீல் ஆர்ச்சின் பிளாஸ்டிக் லைனர், அதன் பின்பக்கம் தகடுகள் சேரும் மடிப்பு, மட்ஃபிளாப். உள்ளே மேல் கண்ட்ரோல் ஆர்ம், சேசிஸ், பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர்.

நின்ற இடத்தில் உரசவில்லை என்பதற்காகச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சக்கரத்தை மட்டும் உறுதியான ஒரு சாய்தளத்தில் மெதுவாக ஏற்றி, ஸ்ப்ரிங்கை அமுக்கி, மறுபடி ஒடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் களிமண்ணை உருட்டி ஒட்டிவையுங்கள். டயர் பட்டால் தடம் விழும், எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு விரல் கனமாவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. அப்புறம் ரிவர்ஸிலும் ஒடித்துப் பாருங்கள். ரப்பர் புஷ்கள் நெகிழ்வதால், பின்னால் வரும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் சற்று முன்னால் நகரும். முன்னே போகும்போது தொடாத பம்பர் முனையை அப்போது தொட்டுவிடும்.

4. இடம் உண்டாக்குதல்

எளிதானதில் இருந்து தொடங்குங்கள். மட்ஃபிளாப்பைக் கழற்றினாலே பல வண்டிகளில் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் உங்கள் ஊர்ச் சட்டம் மட்ஃபிளாப் வேண்டும் என்றால், கழற்றாமல் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள்.

அடுத்தது லைனர். ஹீட் கன்னால் சூடுகாட்டினால் பிளாஸ்டிக் இளகும். கையுறை போட்டு உள்நோக்கி அழுத்தி, ஆறும் வரை ஈரத்துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். தீ நாக்கைக் காட்டவே கூடாது. லைனருக்குப் பின்னால் ஒயர் கட்டோ கண்ணாடி கழுவும் தண்ணீர் டேங்கோ இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது தகட்டு மடிப்பு. சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, தட்டையாக மடக்கலாம். அடித்த இடத்தில் பெயின்ட் உதிரும். அன்றைக்கே பிரைமர், சீலர், பெயின்ட் மூன்றும் போட்டாக வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து துரு பிடிக்கும்.

சேசிஸையோ பாடி மவுண்ட்டையோ வெட்ட வேண்டிய நிலை வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது வெல்டிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஒரு சைஸ் சின்ன டயருக்கு இறங்குவதே நல்லது.

5. நான்கையும் மாட்டிய பிறகு

வீல் நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, வண்டிக் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். வீல் அலைன்மென்ட் கட்டாயம். கீழ் ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மைச் சற்று நகர்த்தும் போல்ட்) உள்ள வண்டியென்றால், காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை) சரிசெய்யும்போது சக்கரத்தைச் சில மி.மீ. முன்னால் தள்ளச் சொல்லலாம். பின்பக்க மடிப்பில் லேசாகப் படும் உரசல் அதிலேயே போய்விடும்.

285/70 போட்ட வண்டியில் ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது உண்மையில் ஓடுவது சுமார் 103.5. வசதி இருந்தால் மீட்டரைத் திருத்திக்கொள்ளுங்கள். டயர் கனமும் கூடியிருப்பதால் வண்டி வேகமெடுப்பது சற்று மந்தமாகும், பிரேக் பிடிக்கவும் கூடுதல் தூரம் ஆகும். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டுங்கள்.

ஸ்டெப்னியையும் அதே சைஸில் வாங்குங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கேடு. அடியில் தொங்கவிடும் இடத்தில் பெரிய டயர் உட்காருமா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். வழக்கமான பாரம் ஏற்றி ஒருமுறை ஓட்டி வந்து, டார்ச் அடித்து நான்கு வீல் ஆர்ச்சையும் உள்ளே பாருங்கள். எங்காவது பளபளவென்று தேய்ந்திருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.