செப்புக் கம்பி போன பிறகு: வீட்டுக்கு ஏற்ற இணையத் தொலைபேசி அடாப்டரைத் தெரிவு செய்தல்

பிரித்தானியாவில் செப்புக் கம்பி வழியே இயங்கிவரும் பழைய தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரி 31ஆம் திகதியோடு நிறுத்தப்படவுள்ளது. முதலில் 2025 டிசம்பர் என்றிருந்த இந்தக் கெடு பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. பழகிய எண்ணையும் பழகிய போனையும் விட மனமில்லாதவர்களுக்கு உதவுவதுதான் இணையத் தொலைபேசி அடாப்டர். ஏடிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சிறு பெட்டி, முன்பு தொலைபேசி நிலையம் செய்த வேலையை வீட்டுக்குள்ளேயே செய்கிறது: போனுக்கு டயல் ஒலி தருகிறது, மணி அடிப்பதற்கான மின்னழுத்தத்தை அனுப்புகிறது, குரலைத் தரவுப் பொதிகளாக மாற்றி இணையத்தில் விடுகிறது.

வாங்கும் முன் அது உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் தரும் ரவுட்டர்கள் பலவற்றின் பின்புறத்திலேயே தொலைபேசித் துளை உண்டு. அதே நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையைத் தொடர்வதானால் போனை அதில் செருகினாலே போதும். வீட்டு எண்ணைத் தனியான இணையத் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றிக்கொள்பவர்களுக்கே அடாப்டர் அவசியமாகிறது. அந்த நிறுவனம் எஸ்ஐபி (இணையத்தில் அழைப்புகளை ஏற்படுத்தும் முறை) கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் கையில் தருமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் எவ்வளவு நல்ல அடாப்டரும் பயன்படாது.

அடாப்டரில் போனைச் செருகும் துளைக்கு எஃப்எக்ஸ்எஸ் என்று பெயர். எஃப்எக்ஸ்ஓ என்பது வெளியிலிருந்து வரும் பழைய தொலைபேசிக் கம்பியைச் செருகுவதற்கானது. கம்பியே போகப்போகிற வீட்டில் அதற்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. ஒரு எண் மட்டும் உள்ள வீட்டுக்குக் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி (HT) 801 போன்ற ஒற்றைத் துளைப் பெட்டி தாராளம். அம்மா அப்பாவுக்கு ஓர் எண், வீட்டிலிருந்து செய்யும் தொழிலுக்கு இன்னோர் எண் என்றால் இரண்டு துளைகள் உள்ள எச்டி 802 பொருந்தும். இவ்விரண்டிலும் வைஃபை கிடையாது என்பதால், பெட்டியை ரவுட்டருக்கு அருகில் ஈதர்நெட் கேபிளால் இணைத்து, கம்பியில்லாப் போனின் தளத்தை அங்கேயே வைத்துவிட்டு, கையில் எடுத்துப் பேசும் அதன் பகுதிகளை மாடியிலும் சமையலறையிலும் வைத்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய கம்பிகளோடு அடாப்டரை இணைக்க விரும்புபவர்கள், வெளியிலிருந்து வரும் கம்பியை அவற்றிலிருந்து முற்றாகப் பிரித்த பின்னரே அதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெளிக் கம்பியில் வரும் மின்னழுத்தம் பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும்.

பலரும் சறுக்குவது செருகியில்தான். அடாப்டர்களின் துளை பொதுவாக ஆர்ஜே 11 வகை. பிரித்தானியப் போன்களின் செருகி வேறு. இடையில் ஒரு மாற்றி போட்டால் போதும் என்று நினைத்து நானும் மலிவான ஒன்றை வாங்கினேன். பேச முடிந்தது, ஆனால் யார் அழைத்தாலும் போன் மணி அடிக்கவில்லை. பிரித்தானியாவின் பழைய போன்கள் பலவற்றுக்கு மணி அடிக்க மூன்றாவது கம்பி ஒன்று தேவை. அதற்கான மின்தேக்கி சுவரிலுள்ள முதன்மைத் துளைக்குள் இருக்கிறது, போனில் இல்லை. அடாப்டரிலிருந்து வருவதோ இரண்டே கம்பிகள். ஆகவே, மின்தேக்கி உள்ளே பொருத்தப்பட்ட மாற்றியைக் கேட்டு வாங்க வேண்டும். விலையில் பெரிய வேறுபாடு இல்லை.

அதுபோலவே, அழைப்பவரின் எண்ணை அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் அது முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடையில் வருகிறது. பிரித்தானியாவில் முதல் மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. அடாப்டரின் அமைப்புப் பக்கத்தில் இதற்கும், மின் இம்பீடன்ஸுக்கும் (இணைப்பின் மின் எதிர்ப்பு அளவு) பிரித்தானியத் தெரிவு இருக்க வேண்டும். முதலாவது தவறினால் திரையில் எண் தோன்றாது. இரண்டாவது தவறினால் எதிரொலி கேட்கலாம். விரலால் சுழற்றும் பழைய டயல் போனை ஆசையாகப் பாதுகாத்து வருபவர்கள், அதன் துடிப்புகளைப் புரிந்துகொள்ளும் அடாப்டர்தானா என்பதை விவரத்தாளில் தேடிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் எல்லாப் பெட்டிகளும் அதைச் செய்வதில்லை.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: குரலைத் தரவாக்கும் ஜி.711 என்ற தரமான முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் வேகமே தேவை.

பழைய பெட்டிகளை மலிவாக வாங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். சில, ஏதோவொரு நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கும். இன்னும் சில பாதுகாப்பற்றவை: ஒரு காலத்தில் பலரும் விரும்பிய சிஸ்கோ எஸ்பிஏ 112இல் கடுமையான பாதுகாப்புக் குறை இருப்பதாக 2023இல் சிஸ்கோவே அறிவித்தது, அந்த மாதிரியின் ஆதரவுக் காலம் முடிந்திருந்ததால் திருத்தம் வெளியிடப்படவில்லை. புதிய பெட்டியாயினும் நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றும்போது பழைய இணைப்பை நீங்களாக ரத்துச் செய்யாதீர்கள்; ரத்தானதும் எண்ணும் கைவிட்டுப் போகக்கூடும். அதே செப்புக் கம்பியில் இணையமும் வருகிறதென்றால், எண் மாறும்போது இணையமும் துண்டிக்கப்படலாம் என்பதால் இணைய நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசுங்கள்.

மின்சாரம் நின்றால் அடாப்டரும் ரவுட்டரும் நின்றுவிடும். அவசர உதவி எண்ணான 999ஐயும் அந்தப் போனில் அழைக்க முடியாது. கைபேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைக்காத வீடாயின், இரண்டையும் தாங்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முகவரியைத் தொலைபேசி நிறுவனத்திடம் அவசர அழைப்புக்காகப் பதிந்து வையுங்கள். வீட்டிலுள்ள முதியவர் கழுத்தில் அவசரப் பொத்தான் அணிந்திருந்தால், அதன் பெட்டியை அடாப்டரில் செருகிப் பரிசோதித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், அதை வழங்கிய நிறுவனத்தை அழைத்து டிஜிட்டல் இணைப்புக்கு ஏற்ற பெட்டியைக் கேட்டு வாங்கிய பின்னரே பழைய இணைப்பை விடுங்கள்.