படப்புத்தகம் வாசிக்கையில் பெரியவர்கள் செய்கிற தவறுகள்

பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. முதல் படப்புத்தகம் வாங்கிவந்த அன்று, பாளையங்கோட்டை வீட்டில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "யானை ஆற்றிற்குச் சென்று மகிழ்ச்சியுடன் நீராடியது" என்று அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இறங்கி ஓடிவிட்டாள். "செய்தி வாசிச்சா பிள்ள எப்படி இருக்கும்?" என்று அடுப்படியிலிருந்து ஆச்சி வந்தாள். "ஏட்டி, இங்க பாரு, யான ஆத்துல நிக்கு. தண்ணிய எப்படி ஊத்துது, புஸ்ஸ்ஸ்!" பிள்ளை திரும்பி வந்துவிட்டது.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கே உரிய தவறு இது. பிள்ளை காதில் விழுவது வீட்டுப் பேச்சு. புத்தகத்தில் இருப்பது வேறு தமிழ். 'சென்றது', 'நீராடியது' எல்லாம் பின்னால் வரட்டும். ஆனால் "டம டம டம" என்று திரும்பத் திரும்ப வரும் ஓசை வரிகளை மாற்றாதீர்கள். அவற்றைத்தான் பிள்ளை முதலில் பிடித்துக்கொள்ளும். படத்தில் இருக்கிற ஆறு பிள்ளைக்குக் குறுக்குத்துறையில் பார்த்த ஆறாகவே இருக்கட்டும். எங்கள் வீட்டில் படத்து யானைக்குப் பெயர் காந்திமதி. அந்தப் பெயருள்ள நெல்லையப்பர் கோயில் யானை 2025 ஜனவரியில் இறந்துபோனது. இவளுக்கு அது இந்தப் புத்தகத்தில்தான் நிற்கிறது.

அடுத்தது, பரீட்சை வைப்பது. "இது என்ன கலர்? எத்தன காக்கா? மாமாட்ட சொல்லு!" விருந்தாள் வந்துவிட்டால் இது இரண்டு மடங்காகும். கேள்வி கேட்பது தப்பில்லை, கேட்கிற விதம்தான் தப்பு. 1988-ல் அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர், 2 வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு மாதம் இதைத்தான் பழக்கினார்கள்: "என்ன செய்யுது?" என்று திறந்த கேள்வி கேளுங்கள், பிள்ளை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. இவள் "யான குளி" என்றால், "ஆமா, யான ஆத்துல குளிக்குது" என்போம். அவ்வளவுதான்.

அப்புறம் விரலைப் பாருங்கள். நான் யானையையே பேசிக்கொண்டிருக்க, இவள் விரல் பக்கத்தின் ஓரத்தில் கடுகளவு எறும்பு மேல் நின்றது. அன்றைக்குக் கதை எறும்பு கதைதான்.

ஒரே புத்தகத்தை ஏழு தடவை கேட்டால் ஒளித்து வைக்காதீர்கள். சலிப்பு நமக்குத்தான். எட்டாம் தடவை அந்த 'புஸ்'ஸை அவளே சொன்னாள்.

கிழிந்துவிடும் என்று பீரோ மேல் ஏற்றிவைப்பதும் வீண். தடித்த அட்டைப் புத்தகம் வாங்குங்கள். கடித்தால் கடிக்கட்டும், கிழிந்தால் செல்லோடேப் இருக்கிறது. காசு பிரச்சினை என்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். செல்போனில் கதை வீடியோவை ஓட விட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுவது வாசிப்பு ஆகாது. 1 வயதுப் பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

கடைசிப் பக்கம் வரை போயே தீரவேண்டும் என்று இழுத்துப் பிடிக்காதீர்கள். பாதியில் மூடினால் மூடட்டும். இவள் படாரென்று மூடி, புத்தகத்தைத் தலைகீழாக என் மடியில் வைத்து, "இன்னொருக்கா" என்பாள்.