கப்பல் பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பி வரும்? புதியவர்களுக்கான கணக்கு

என் அக்காவும் அத்தானும் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் ஒரு கேபின் பதிவு செய்திருந்தார்கள். புறப்பட 65 நாள் இருக்கும்போது அத்தானுக்கு முதுகில் அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சான்றிதழைக் காட்டினால் முழுப் பணமும் வந்துவிடும் என்று நம்பி, மருத்துவமனை அலைச்சலில் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் ரத்துக் கட்டணம் பாதியிலிருந்து முக்கால் பங்காக ஏறிவிட்டது. கப்பல் நிறுவனம் காரணத்தைக் கேட்கவே இல்லை. ரத்து செய்த தேதியை மட்டும் பார்த்தது.

நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: ரசீதில் உள்ள தொகையைப் பிரித்துப் பாருங்கள்

மொத்தத் தொகை என்று ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் அதற்குள் பல பணம் இருக்கிறது. கேபினுக்கான பயணக் கட்டணம் ஒன்று. துறைமுகக் கட்டணமும் அரசு வரிகளும் இன்னொன்று. ஊழியர்களுக்கான அன்பளிப்பு, பானங்களுக்கான தொகுப்பு, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கட்டியது தனி.

ரத்துக் கட்டணத்தின் பெரும் பகுதி விழுவது பயணக் கட்டணத்தின் மீதுதான். துறைமுகக் கட்டணமும் வரியும் நீங்கள் ஏறினால்தான் செலவாகும் என்பதால், கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பொதுவாக அவை திரும்பக் கிடைக்கும். முன்கூட்டியே கட்டிய அன்பளிப்பும் அப்படியே. எல்லாம் போய்விட்டது என்று கைகழுவிவிடாமல் இந்தத் தொகைகளைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: முன்பணம் எந்த வகை என்று பாருங்கள்

ஒரே கேபினுக்கு இரண்டு விலை காட்டுவார்கள். குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தால் முன்பணம் திரும்பாது. ஆறு மாதம் முன்பே ரத்து செய்தாலும் அது போனதுதான். சில நிறுவனங்கள் அதில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தரும். வீட்டில் வயதானவர்களோ, விடுப்பு உறுதியாகாதவர்களோ இருந்தால் கூடுதல் விலை கொடுத்துத் திரும்பக் கிடைக்கும் முன்பணத்தையே எடுங்கள் என்பேன்.

படி 3: தேதிகளை நாட்காட்டியில் எழுதுங்கள்

இந்தப் பதிவில் மிக முக்கியமானது இதுதான். ஒப்பந்தத்தில் "புறப்பாட்டுக்கு இத்தனை நாள் முன்பு" என்று ஓர் அட்டவணை இருக்கும். பயண நாட்களைப் பொறுத்தும் நாட்டைப் பொறுத்தும் அது மாறும். அமெரிக்க நிறுவனங்களின் நீண்ட பயணங்களில் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 90 நாளும் அதற்கு மேலும் என்றால் ரத்துக் கட்டணம் இல்லை, 89 முதல் 75 நாள் வரை 25 சதவீதம், 74 முதல் 61 வரை 50, 60 முதல் 31 வரை 75, 30 நாளும் அதற்குள்ளும் 100.

உங்கள் கப்பல் டிசம்பர் 20 அன்று புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 21 வரை கவலை இல்லை. செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 6 வரை கால் பங்கு போகும். அக்டோபர் 7 முதல் 20 வரை பாதி. அக்டோபர் 21 முதல் நவம்பர் 19 வரை முக்கால். நவம்பர் 20 முதல் முழுவதும்.

பயணக் கட்டணம் 1,50,000 ரூபாய் என்றால், அக்டோபர் 20 அன்று ரத்து செய்பவர் 75,000 இழக்கிறார். மறுநாள் செய்பவர் 1,12,500 இழக்கிறார். ஒரே இரவில் 37,500 ரூபாய்! எல்லை நாள் ஞாயிறில் விழுந்து, அன்று ஏஜென்ட் அலுவலகத்துக்கு விடுமுறை என்றால் சனிக்கிழமைதான் உங்கள் கடைசி நாள். எனவே ஒவ்வோர் எல்லைக்கும் மூன்று நாள் முன்பாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

சதவீதம் பயணக் கட்டணத்தின் மீதா, மொத்த விலையின் மீதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடுங்கள். மீதித் தொகையைக் கட்டவேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் ரத்துக் கட்டணம் தொடங்கும் நாளை ஒட்டியே வரும். போவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடிக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

படி 4: இருவரில் ஒருவர் மட்டும் வரவில்லை என்றால்

விலை இருவர் தங்கும் கேபினுக்கானது. ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு ரத்துக் கட்டணம் விழுவதோடு, மீதி இருப்பவரிடம் தனி ஆளுக்கான கூடுதல் கட்டணமும் கேட்கலாம். ரத்து என்ற சொல்லை எடுப்பதற்கு முன், பெயரை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஒருவராவது பழைய பெயரிலேயே தொடர்ந்தால் பல நிறுவனங்கள் சிறு தொகைக்கு அனுமதிக்கின்றன.

படி 5: ஏற முடியாமல் போகும் காரணங்களை முன்பே களையுங்கள்

விசா இல்லாமல் துறைமுகத்தில் நின்றால் வராதவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள், கட்டணம் திரும்பாது. சிங்கப்பூரில் ஏறி மலேசியாவைப் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள் என்றால் அது இரண்டாம் முறை நுழைவது. விசா அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கர்ப்பிணிகளைப் பயணம் முடியும் நாளில் 24 வாரம் நிறைந்திருந்தால் ஏறக்குறைய எந்தக் கப்பலும் ஏற்றாது. பதிவு செய்யும்போதே கணக்குப் பாருங்கள்.

படி 6: நிறுவனமே ரத்து செய்தால்

இங்கே நிலைமை தலைகீழ். கட்டிய பணம் முழுவதையும் கேட்கலாம். 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்றபோது, கட்டியதில் 125 சதவீதம் வரை அடுத்த பயணத்துக்கான வரவாகத் தருவதாகச் சில நிறுவனங்கள் சொன்னன. அதிகம் போலத் தெரியும். ஆனால் அதே நிறுவனத்தில், காலக்கெடுவுக்குள் பயணம் செய்தால்தான் அதற்கு மதிப்பு. அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாமல், பணமாகக் கேட்கும் வழியைத் தேடுங்கள்.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறுபவர்களுக்கு 2022 முதல் ஒரு விதி உண்டு. பயணம் ரத்தானாலோ, மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமாகி நீங்கள் ஏற மறுத்தாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஐரோப்பாவில் தொகுப்புச் சுற்றுலாச் சட்டப்படி 14 நாளுக்குள் தர வேண்டும். புயலால் ஒரு துறைமுகத்தை மட்டும் தவிர்த்தால் கட்டணம் திரும்பாது. பொதுவாக அந்தத் துறைமுகத்துக்கான வரியும், நிறுவனத்தின் வழியே பதிவு செய்த கரைப் பயணத்தின் பணமும் மட்டும் வரும்.

படி 7: காப்பீடு

நோய் தெரிந்த பிறகு வாங்கும் காப்பீடு அந்த நோய்க்கு உதவாது. முன்பணம் கட்டும் வாரத்திலேயே வாங்குங்கள். பழைய நோய்களுக்கு விலக்கு இருக்கிறதா என்று படியுங்கள். மனம் மாறியதற்கெல்லாம் சாதாரணக் காப்பீடு பணம் தராது. கோரிக்கை அனுப்ப மருத்துவர் கடிதத்தோடு, கப்பல் நிறுவனம் தரும் ரத்து ரசீதும் தேவைப்படும்.

படி 8: எழுத்தில் ரத்து செய்யுங்கள்

ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால் கப்பல் நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பேசாது. அவர்தான் ரத்து செய்ய வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சல் அனுப்பி, ரத்து எண்ணை வாங்கி, தேதியும் நேரமும் தெரியும்படி சேமியுங்கள். ஏஜென்டின் சேவைக் கட்டணம் திரும்பாமல் போகலாம்.

பணம் நீங்கள் கட்டிய அதே கார்டுக்குத்தான் வரும். டாலரில் கட்டியிருந்தால் திரும்பும் நாளின் மாற்று விகிதப்படி ரூபாய் கூடலாம், குறையலாம். சொன்ன நாளுக்குள் வராவிட்டால் ரத்து எண்ணோடு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலையும் ஒப்பந்தத்தின் அட்டவணைப் பக்கத்தையும் இணைத்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் பதிவு செய்யுங்கள். வங்கிப் புகாருக்கும் காலக்கெடு உண்டு என்பதால் அதையும் அதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.