ஓடையில் விழுந்த பூவைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குக் குறைவில்லை. கரையில் அங்சானா மரம் நின்றால், ஒரே நாளில் மலர்ந்து உதிரும் அதன் மஞ்சள் பூக்கள் நீரை மூடிவிடும். கோயிலடி ஓடையென்றால் நாகலிங்கப் பூ பாறையிடுக்கில் தங்கியிருக்கும். பார்க்க இவ்வளவு அழகாக இருந்தும், எடுத்த படத்தில் பூ தெளிவாக இருப்பதில்லை, நீரும் ஓடுவதில்லை.

பூ தங்கி நிற்கிறதா, மிதந்து போகிறதா என்று பார்க்காமலே ஷட்டரை அழுத்துவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. தங்கிய பூவுக்கு ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி வரை திறந்திருந்தால் போதும். நீர் இழையிழையாகப் பதியும். இருபது நொடி, முப்பது நொடி என்று நீட்டுவதை நான் விரும்புவதில்லை. ஓட்டமே தொலைந்து வெறும் புகைமூட்டம்தான் மிஞ்சுகிறது. தங்கிய பூவிலும் நீர் தட்டும் இதழ் நடுங்கும். எனவே சற்று நேரம் பூவையே கவனித்து, அது அடங்கும் நேரம் பார்த்து, அடுத்தடுத்துப் பல படங்கள் எடுங்கள். மிதந்து போகும் பூவுக்கு 1/500 நொடியோ அதைவிட வேகமோ வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) உயர்த்தத் தயங்காதீர்கள். 1/60 போன்ற இடைப்பட்ட வேகத்தில் பூவும் கலங்கும், நீரும் அரைகுறையாக நிற்கும். சுழியில் சுற்றும் அங்சானாப் பூக்களுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம். இரண்டு நொடி திறந்துவைத்தால் மஞ்சள் வளையங்கள் கிடைக்கும். அருகில் பாறையில் ஒட்டிய ஒரு பூவையும் சேர்த்தால் கண்ணுக்குப் பிடிமானம் இருக்கும்.

உச்சிவெயிலில் மெதுவான ஷட்டர் நடக்காது, படம் வெளுத்துவிடும். காலையிலோ மேகமூட்டத்திலோ போங்கள். போலரைஸர் ஃபில்டர் நீரின் பளபளப்பைக் குறைத்து, பூவின் நிறத்தை மீட்டுத் தரும். அதை முழுவதும் திருப்பி எல்லாப் பளபளப்பையும் அழிப்பதும் தவறுதான். ஈரம் தெரியாத ஓடை உயிரற்றுப்போகும். கறுத்த பாறைமேல் வெளிர்நிறப் பூ கிடந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) ஒரு படி குறையுங்கள்.

டிரைபாட் கால்களை நீரோட்டத்தில் ஊன்றாதீர்கள், அதிரும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் வையுங்கள். ஏர்கோன் போட்ட காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். கேமராவைப் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள்.

செடியிலிருந்து செம்பருத்தியைப் பறித்து நீரில் வைப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. செம்பருத்தி வாடிச் சுருண்டுதான் உதிரும். விரிந்த இதழோடு நீரில் கிடந்தால், அந்தப் பூவோடு வளர்ந்தவர்களுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். சுருண்ட பூவையே எடுங்கள், அதற்கும் ஓர் அழகு உண்டு.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, வானத்தை மட்டும் பார்த்து ஓடையை நம்புவது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் அப்படித்தான் வருகிறது. தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, டிரைபாடை மடக்கக்கூட நிற்காமல் உடனே கரையேறுங்கள்.