அவுட்போர்டு மோட்டாரில் சோலனாய்டு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது; ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. உடனே சோலனாய்டு (பேட்டரி மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்கு இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) போய்விட்டது என்று முடிவுகட்டி, புதியதை வாங்கி மாட்டுவதுதான் முதல் தவறு. சோலனாய்டின் சுருளுக்கு மின்சாரம் வருகிறது என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது. பேட்டரி தளர்ந்திருந்தாலும், கேபிள் முனையில் களிம்பு ஏறியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் கியர் லீவரையும் பாருங்கள். லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டால் பெரும்பாலான மோட்டார்களில் பாதுகாப்பு சுவிட்ச் ஸ்டார்ட்டரை இயங்கவிடாது.

முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். அது சரியாக இருந்தால், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளில் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அதுவரை பேட்டரியின் அளவைக் காட்டிய மீட்டர் அந்த நொடியில் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். சத்தம் கேட்டும் 12 வோல்ட் அப்படியே நின்றால், உள்ளே இருக்கும் தொடர்புத் தகடு கருகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சோலனாய்டைக் கழற்றி மேசையில் வைத்து ஓம் அளவை மட்டும் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதை நம்பாதீர்கள். ஸ்டார்ட்டருக்கான பெரும் மின்னோட்டத்தைத் தாங்குமா என்பது மீட்டரின் மெல்லிய மின்னோட்டத்தில் தெரியாது.

இரண்டு பெரிய முனைகளையும் ஸ்குரு டிரைவரால் இணைத்துப் பார்ப்பதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் தீப்பொறி பறக்கும். பாதுகாப்பு சுவிட்சையும் அது தாண்டிவிடுவதால், கியரில் இருக்கும் இன்ஜின் சட்டென்று கிளம்பி ப்ரொபெல்லர் சுழன்றுவிடலாம்.

வாங்கும்போது உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கார் சோலனாய்டுகள் சிலவற்றில் சுருளின் எர்த், அடித்தகட்டின் வழியாகவே போகிறது. பல அவுட்போர்டுகளிலோ அதற்குத் தனி வயர் உண்டு. பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். மோட்டாரின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குவதே சரி.

கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிடுங்கள். மாட்டும்போது அது கடைசியாக வரட்டும். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பக்கத்து முனையில் தடித்த கேபிளோடு மெல்லிய சிவப்பு வயர்களும் சேர்ந்திருப்பது வழக்கம். அவற்றை ஸ்டார்ட்டர் பக்கம் மாட்டிவிட்டால் சாவிக்கே மின்சாரம் வராமல் போகலாம்.

நட்டை முறுக்கும் விதத்தில்தான் பல புதிய சோலனாய்டுகள் பாழாகின்றன. அந்தப் பெரிய முனைகள் பெரும்பாலும் செம்பு. பிளாஸ்டிக் மூடியில் பதிந்திருப்பவை. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் முனையே சுழன்று, உள்ளே தகடு இடம் மாறும். மூடியும் விரிசல் விடும். அடியில் இன்னொரு நட் இருந்தால் அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மேல்நட்டை மட்டும் இறுக்குங்கள். கேபிள் முனை, முனையின் அடித்தளத்தில் நேராகப் படிய வேண்டும். நடுவில் எஃகு வாஷர் நுழைந்தால் மின்தடை கூடி அந்த இடம் சூடாகும். பச்சைக் களிம்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகே மாட்டுங்கள். இறுக்கிய பின் மேலே கிரீஸ் தடவலாம்.

பழையது ஏன் கெட்டது என்று பார்க்காமல் விடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. வோல்ட் குறைந்தால் சுருளின் பிடி தளர்ந்து, தகடு படபடவென்று தட்டித் தட்டிக் கருகும். சில சமயம் ஒட்டியே போய்விடும். அப்போது சாவியை விட்டாலும் ஸ்டார்ட்டர் நிற்காது. பேட்டரியைத் துண்டித்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே பேட்டரியையும், இன்ஜின் உடலில் எர்த் கேபிள் சேரும் இடத்தையும் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதற்கும் இதே கதிதான்.

மாட்டியபின் சோதிக்கும்போது, குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் இன்ஜினை ஓடவிடாதீர்கள். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் விரைவிலேயே கருகிவிடும். ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடாமல், இடையில் இரண்டு நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.