சாட்டிலைட் டெஸ்ட் பண்ற இடத்துக்கு டூர் போறீங்களா? எதைப் பாக்கணும், என்ன கேக்கணும்

விண்கலம் டெஸ்ட் பண்ற சென்டருக்கு போற நிறைய பேர் ராக்கெட் பாக்கப் போற நெனப்புல போறாங்க, அங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை டிரஸ் போட்ட நாலு பேர் மெதுவா ஏதோ செஞ்சிட்டு இருப்பாங்க, அதைப் பாத்துட்டு "அவ்ளோதானா"ன்னு திரும்பி வந்துடறாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா விஷயமே அந்த மெதுவுலதான் இருக்கு. மேல போனதுக்கப்புறம் ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தாலும் அனேகமா யாராலயும் போய் முடுக்க முடியாது, அதனால எல்லா சந்தேகத்தையும் தரையில இருக்கும்போதே தீத்துக்கணும்.

முதல்ல புக்கிங். இந்த மாதிரி இடங்களுக்கு நேரா கேட்டுக்குப் போய் நின்னா உள்ள விட மாட்டாங்க, முன்கூட்டியே பேர் குடுக்கணும், வெளிநாட்டுக்காரங்கன்னா பாஸ்போர்ட் விவரத்த ரொம்ப முன்னாடியே கேப்பாங்க. மெயில் அனுப்பும்போதே "அந்தத் தேதியில ஹால்ல ஏதாவது விண்கலம் நிக்குமா"ன்னு ஒரு வரி சேத்துக் கேளுங்க, காலி ஹாலைப் பாக்கறதுக்கும் பாதி கட்டின விண்கலத்தப் பாக்கறதுக்கும் அவ்ளோ வித்தியாசம். போட்டோ எங்க எடுக்கலாம்னு உள்ள நுழையறப்பவே கேட்டுடுங்க. நடை அதிகம், வசதியான மூடின ஷூ போட்டுக்கோங்க.

க்ளீன் ரூம், அதாவது தூசி வராம காத்த வடிகட்டி வச்சு விண்கலத்தக் கட்டற ரூம் வந்ததும், எல்லாரும் விண்கலத்து மேல இருக்கற தங்கக் கலர் ஃபாயிலத்தான் பாப்பாங்க. அது தங்கம் இல்ல, அம்பர் கலர்ல இருக்கற பிளாஸ்டிக் படலம், பின்னாடி அலுமினியம் பூச்சு, அதை அடுக்கடுக்கா போத்தி சூட்டையும் குளிரையும் தடுக்கறாங்க. நீங்க அதுக்கு முன்னாடி வாசலைப் பாருங்க, தரையில ஒட்டற பாய் இருக்கும், ஷூல இருக்கற தூசிய அது இழுத்துக்கும். ஐஎஸ்ஓ 8ங்கற சுத்தத் தரத்துல இருக்கற ரூம்னா ஒரு கன மீட்டர் காத்துல அரை மைக்ரானும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அதுக்கு மேலயும் உள்ள தூசித் துகள் 35,20,000க்குள்ள இருக்கணும், கேக்க பெருசா தெரியும் ஆனா நம்ம வீட்டுக் காத்தோட ஒப்பிட்டா அது ரொம்ப சுத்தம். விண்கலத்துல அங்கங்க சிவப்புத் துணிப் பட்டை தொங்கும், ஏவறதுக்கு முன்னாடி கழட்ட வேண்டிய மூடி, பின் எல்லாத்துக்கும் அடையாளம் அது. முடிஞ்சா எண்ணிப் பாருங்க.

நான் போனப்ப கேலரியில இருந்து ஒரே ஒரு போல்ட்ட முடுக்கறத பாத்துட்டு நின்னேன். ஒருத்தர் பேப்பரப் பாத்து ஸ்டெப்ப வாசிக்கறாரு, இன்னொருத்தர் அளவு வச்ச ஸ்பேனரால "க்ளிக்" வர்ற வரைக்கும் திருப்பறாரு, மூணாவது ஆள் குனிஞ்சு பாத்துட்டு கையெழுத்துப் போடறாரு, அப்புறம்தான் அடுத்த போல்ட். கூட வந்தவங்க எல்லாம் நகந்து போயிட்டாங்க, எனக்கு மனசே வரல. ஏன் இவ்ளோ கட்டுப்பாடுன்னா, 2003 செப்டம்பர் 6ஆம் தேதி அமெரிக்காவுல நோவா என் பிரைம்ங்கற வானிலை சாட்டிலைட்ட வண்டியில வச்சு சாய்க்கும்போது அது நழுவி தரையில விழுந்துருச்சு, அதைப் பிடிச்சிருக்க வேண்டிய 24 போல்ட் வேற வேலைக்காக கழட்டப்பட்டிருந்தது, திரும்ப இருக்கான்னு யாரும் சரியா பாக்கல. அதைச் சரி பண்ணி ஏவறதுக்கு 2009 ஆயிடுச்சு.

அடுத்து டெஸ்ட் ஹால். ஆட்டற மேசைய சும்மா ஒரு இரும்பு மேசைன்னு கடந்து போயிடாதீங்க, ராக்கெட் கிளம்பும்போது வர்ற உலுக்கல அதுலதான் குடுப்பாங்க. சத்தத்துக்கு தனி ரூம் உண்டு. நெதர்லாந்துல நூர்ட்வைக்ல ஐரோப்பிய விண்வெளி முகமையோட டெஸ்ட் சென்டர்ல இருக்கற சத்த ரூம்ல 154 டெசிபல் வரைக்கும் போவாங்க, உள்ள ஆள் நிக்கவே கூடாது. சத்தம் என்ன பண்ணிடும்னு நெனக்காதீங்க, 2018ல ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியோட கலத்த சத்த டெஸ்ட் முடிச்சு பாத்தப்ப சூரியக் கவசத்தோட மூடியில இருந்து ஸ்க்ரூவும் வாஷரும் கழண்டு கிடந்தது. அது தரையில கழண்டது எவ்ளோ பெரிய நிம்மதி!

எனக்கு ரொம்பப் பிடிச்சது வெற்றிட அறைதான். நூர்ட்வைக்ல இருக்கற அறை 15 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம், ஒரு சாட்டிலைட்டு முழுசா உள்ள போயிடும், காத்த உறிஞ்சி எடுத்துட்டு சுவர திரவ நைட்ரஜனால குளுமைப்படுத்தி, ஒவ்வொண்ணும் 25 கிலோவாட் உள்ள 19 செனான் விளக்கால சூரிய வெளிச்சம் அடிப்பாங்க. கதவ மூடிட்டா நெனச்ச நேரம் திறக்க முடியாது, அதனால ஆளுங்க ராப்பகலா ஷிஃப்ட்ல உக்காந்திருப்பாங்க. 2017ல ஹூஸ்டன்ல வெப் தொலைநோக்கி இப்படி உள்ள இருந்தப்பதான் ஹார்வி புயல் வந்துச்சு, டெஸ்ட்ட நிறுத்தாம ஆளுங்க அங்கயே இருந்து பாத்துக்கிட்டாங்க. கதவோட தடிமனையும் ரப்பர் விளிம்பையும் கிட்டப் போய் பாருங்க, கைடு கிட்ட "ஒரு டெஸ்டுக்கு எத்தன நாள் மூடியிருக்கும்"னு கேளுங்க.

கண்ட்ரோல் ரூம்ல பெரிய ஸ்க்ரீன் கண்ண இழுக்கும். ஆனா ஜெர்மனியில டார்ம்ஷ்டாட்ல இருக்கற ஐரோப்பிய கட்டுப்பாட்டு மையத்துலயே பெரிய ரூம் ஏவுதல் மாதிரி முக்கியமான நேரத்துக்குத்தான், தினப்படி வேலை நடக்கறது பக்கத்துல இருக்கற சின்ன ரூம்கள்ல, முடிஞ்சா அதைக் காட்டச் சொல்லுங்க. யாரும் ஜாய்ஸ்டிக் வச்சு ஓட்டறதில்ல. செவ்வாய்க்கு சிக்னல் போகவே 3ல இருந்து 22 நிமிஷம் ஆகும், அதனால கட்டளைய மொத்தமா எழுதி, சரிபாத்து, முன்னாடியே அனுப்பி வச்சுடுவாங்க. அமெரிக்காவுல விண்கலங்கள ஓட்டற நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துல முக்கியமான நேரத்துல வேர்க்கடலை டப்பா சுத்தி வரும். நிலாவுக்கு அனுப்பின ஆறு ரேஞ்சர் விண்கலப் பயணம் தோத்து 1964ல ரேஞ்சர் 7 ஜெயிச்சப்ப யாரோ கடலை கொண்டு வந்திருந்தாங்க, அதுல இருந்து பழக்கம் ஆயிடுச்சு.

கேள்வி நேரத்துல "இதோட விலை என்ன"ன்னு கேட்டா கூகுள்ல இருக்கற பதில்தான் கிடைக்கும். "டெஸ்ட்ல என்ன உடைஞ்சுது, எப்படி கண்டுபிடிச்சீங்க"ன்னு கேளுங்க, இஞ்சினியர் முகமே மாறிடும், பத்து நிமிஷம் நிறுத்தாம பேசுவாரு. கண்ட்ரோல் ரூம் ஆள் கிட்ட ஒத்திகை பத்திக் கேளுங்க, ஏவறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே ஒத்திகை ஆரம்பிச்சுடும், ஒரு தனி டீம் ரகசியமா கோளாறு உண்டாக்கும், ஆன்டெனா போச்சு, கம்ப்யூட்டர் போச்சுன்னு, உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன வரப்போகுதுன்னே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தூரத்து விண்கலங்களோட பேசற நாசா ஆன்டெனாக்களைக் காட்டற டிஎஸ்என் நவ் (DSN Now) இணையப் பக்கத்த திறந்து வைங்க. இப்போ இந்த நிமிஷம் கலிஃபோர்னியா, மாட்ரிட், கான்பெரா ஆன்டெனாக்கள் எந்த விண்கலத்தோட பேசுதுன்னு அதுல தெரியும். கான்பெராவோட 70 மீட்டர் ஆன்டெனாவுக்கு மேல வாயேஜர் 2ங்கற விண்கலத்தோட பேரு இருக்கான்னு பாருங்க, 1977ல தரையில இதே மாதிரி உலுக்கி, குளிர வச்சு, போல்ட் போல்ட்டா கையெழுத்துப் போட்டு அனுப்பினது அது.