வாட்ஸ்அப் கணக்கு களவு போகாமல் காப்பது எப்படி?

பொங்கலுக்கு முந்தைய வாரம், என் அத்தையின் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே செய்தி வந்தது: ‘அவசரம். 20,000 ரூபாய் அனுப்பு. நாளைக் காலை தந்துவிடுகிறேன்.’ அத்தை எதையும் எழுதி அனுப்புகிறவர் அல்லர். குரலில் பதிந்துதான் அனுப்புவார். அந்த உறுத்தலில் சாதாரண அழைப்பில் கூப்பிட்டேன். அடுப்படியில் இருந்தார், எதுவும் தெரியாது. அதற்குள் என் தம்பி பணத்தை அனுப்பிவிட்டிருந்தான்.

முந்தைய நாள் யாரோ கூரியர்காரர் என்று சொல்லிப் பேசி, குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறார். அத்தையும் சொல்லிவிட்டார். அது பார்சலுக்கான எண் அன்று. அவருடைய வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும் சாவி.

உங்கள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

முதல் படி: வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குப் போய், ‘கணக்கு’ என்பதைத் தொடுங்கள். அங்கே இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கும். அதை இயக்கினால் ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வைக்கச் சொல்லும். குறுஞ்செய்தியில் வருவது வாட்ஸ்அப் அனுப்பும் எண். இது நீங்களே வைத்துக்கொள்ளும் எண். முதலாவதைத் திருடன் வாங்கிவிட்டாலும் இரண்டாவதில் தடுக்கி நிற்பான். இந்த ஒன்றை அத்தைக்கு முன்பே செய்து கொடுத்திருந்தால் தம்பியின் பணம் போயிருக்காது என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. ரகசிய எண்ணாகப் பிறந்த தேதி வேண்டாம், ஏடிஎம் எண்ணும் வேண்டாம். மின்னஞ்சல் கேட்கும்போது தவறாமல் கொடுங்கள். ரகசிய எண் மறந்துபோனால் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் படி: ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள்.

மூன்றாம் படி: போனின் அழைப்பு அமைப்புகளில், உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பின் எண்ணை அழைப்பு மூலமாகவும் பெற முடியும். அதனால்தான் உங்கள் அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்ப, சிலர் நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள். யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள்.

கணக்கு ஏற்கெனவே போய்விட்டதா? உங்கள் போனில் அதே எண்ணை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி எண்ணை இட்டதுமே திருடன் வெளியேறிவிடுவான். அவன் ரகசிய எண் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரலாம். காத்திருக்கும்போது சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்றப் புகார்களுக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஆள்மாறாட்டம் செய்து இப்படி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். குற்றவாளி அவன்தான், நீங்கள் அல்லர்.

நம் பக்கத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். வீட்டுப் பெரியவருக்கு உதவுகிறோம் என்று அவருடைய வாட்ஸ்அப்பை நம் கணினியில் சொல்லாமல் இணைத்துப் படிப்பது தவறு. உரியவரின் அனுமதியின்றி நுழைவதை அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. சொந்தபந்தம் என்பது அனுமதி ஆகாது. அத்தைக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். ரகசிய எண் வைக்கும் இடம் வந்ததும் போனை அவர் கையில் கொடுத்தேன். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். மறந்துவிடாமல் இருக்க அவ்வப்போது வாட்ஸ்அப்பே அந்த எண்ணைக் கேட்கும். முதல்முறை கேட்டபோது அத்தை எனக்குப் போன் செய்து, இதைச் சொல்லலாமா என்று விசாரித்துவிட்டுத்தான் அழுத்தினார்.